வீட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு: அமெரிக்கக் கோடைக் கலைச் சந்தைகளில் ஆர்.வி.யில் போய் ஓவியம் விற்பது எப்படி

ஜூன் முதல் செப்டம்பர் வரை அமெரிக்காவில், அதிலும் பேரேரிகளைச் சுற்றியுள்ள மாநிலங்களில், ஏதாவது ஓர் ஊரில் கலைச் சந்தை நடக்காத வார இறுதி இல்லை. தெருவை அடைத்து, பத்தடிக்குப் பத்தடி வெள்ளைக் கூடாரங்களை வரிசையாகப் போடுவார்கள். உள்ளே ஓவியர், குயவர், நகை செய்பவர், மரச்சிற்பி என்று அவரவர் தங்கள் கையால் செய்ததை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். சிகாகோவில் ஹைட் பார்க் பகுதியில் நடக்கும் 57-வது தெருக் கலைச் சந்தை 1948-இல் தொடங்கியது. ஆன் ஆர்பர் சந்தை 1960-இலிருந்து நடக்கிறது. இது பழைய, உறுதியான ஒரு சந்தை மரபு. இதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தும் கலைஞர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் அருகே இருக்கிறோம். நான் செய்வது நீர்வண்ண ஓவியமும், கோலத்தை லினோலியத் தகட்டில் செதுக்கி எடுக்கும் லினோகட் அச்சுகளும். வண்டி ஓட்டுவது என் கணவர். முதல் சில சந்தைகளுக்கு மினிவேனில் போய் ஓட்டலில் தங்கினோம். பிறகுதான் பழைய ஆர்.வி. ஒன்று, அதாவது உள்ளேயே தங்கிச் சமைத்துத் தூங்கக்கூடிய வீட்டு வண்டி, வாங்கினோம். "ஓட்டல் செலவு மிச்சம்தானே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கணக்கை நம்பி யாரும் ஆர்.வி. வாங்க வேண்டாம். பெட்ரோல், காப்பீடு, பழுது எல்லாம் சேர்த்தால் ஓட்டல் செலவுக்கு அருகில் வந்துவிடும். ஆர்.வி.யின் பலன் இரண்டு. ஒன்று, ஒரு சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் நடுவில் வீடு திரும்பாமல் பாதையிலேயே இருந்து வேலை செய்ய முடிகிறது. இரண்டு, சனிக்கிழமை காலை தூங்கி எழுந்த முகத்தோடு ஸ்டாலில் நிற்க முடிகிறது. இரண்டும் கிடைக்க வேண்டுமானால் பயணம் ஒரு நெருக்கமான சுற்றாக இருக்க வேண்டும். கீழே சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றியே வரும்.

எல்லாவற்றுக்கும் முன்: உங்கள் விசா

நம்மவர்களில் பலர் எச்-1பி விசாவில் இருப்பதால் இதை முதலில் சொல்கிறேன். எச்-1பி உள்ளவர் தன் நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். ஸ்டால் போட்டு ஓவியம் விற்பது சுயதொழில், அதற்கு அனுமதி இல்லை. எச்-1பி உள்ளவரின் துணைக்கான எச்-4 விசாவில் இருப்பவர் வேலை அனுமதி அட்டை இல்லாமல் விற்கக் கூடாது. 2015-இல் வந்த விதிப்படி அந்த அட்டை கிடைத்தவர்கள் சுயதொழில் செய்யலாம். கிரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடை இல்லை. "பொழுதுபோக்குக்குத்தானே விற்கிறேன்" என்ற பேச்சு குடிவரவு அலுவலகத்தில் எடுபடாது. சந்தேகம் இருந்தால் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். பின்னால் வரும் இழப்போடு பார்த்தால் அந்தக் கட்டணம் சிறியது.

குளிர்காலத்தில் விண்ணப்பம்

கோடைச் சந்தைக்கான வேலை நவம்பரில் தொடங்குகிறது. நல்ல சந்தைகள் எல்லாமே ஜூரி, அதாவது நடுவர் குழு, வைத்துத் தேர்ந்தெடுப்பவை. பெரும்பாலானவை ஜாப் (ZAPP) என்ற ஒரே இணையதளம் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் கடைசி நாள் முடிந்துவிடும். முடிவு மார்ச், ஏப்ரல் வாக்கில் வரும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 25 முதல் 50 டாலர் வரை கட்டணம் உண்டு. இடம் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. இடம் கிடைத்த பிறகு ஸ்டால் வாடகை தனி. அது சிற்றூரில் 200 டாலராக இருக்கும், பெரிய சந்தையில் 700, 800-ஐத் தாண்டும்.

ஜூரிக்கு அனுப்பும் படங்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். வழக்கமாக நான்கைந்து படைப்புகளின் படமும் ஸ்டாலின் படம் ஒன்றும் கேட்பார்கள். நடுவர்கள் அவற்றை ஒரே வரிசையில், சில நொடிகள் மட்டுமே பார்க்கிறார்கள். ஆகவே உங்கள் ஐந்து சிறந்த ஓவியங்களை அனுப்பாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கையின் வேலை என்று தெரியும் ஐந்தை அனுப்புங்கள். முதல் ஆண்டு நான் இரண்டு நிலக்காட்சி, ஒரு கோலம், ஒரு முகச்சித்திரம், ஒரு பூ என்று அனுப்பினேன். ஒன்றிலும் இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு ஐந்தும் கோல லினோகட். மூன்று சந்தைகளில் கூப்பிட்டார்கள். என் கை அதே கைதான், நான் தேர்ந்தெடுத்து அனுப்பிய விதம்தான் மாறியிருந்தது.

ஸ்டால் படத்தில் உங்கள் பெயரோ முகமோ தெரியக் கூடாது, ஏனென்றால் தேர்வு பெயர் அறியாமல் நடக்கிறது. இன்னும் ஒரு சந்தையிலும் ஸ்டால் போடாதவர் வீட்டுப் பின்புறத்தில் கூடாரத்தை நிறுத்தி, உள்ளே படங்களை மாட்டி, மேகமூட்டமான நாளில் படம் எடுக்கலாம். வெயிலில் எடுத்தால் கூரையின் நிழல் பாதிப் படங்களை விழுங்கிவிடும்.

விதிகளை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். ஏறக்குறைய எல்லா நல்ல சந்தைகளிலும் கலைஞர் நேரில் இருந்தாக வேண்டும், ஆள் அனுப்ப முடியாது. வாங்கி விற்கும் பொருளுக்கு இடமில்லை. பிரின்ட் விஷயத்தில் கவனம் தேவை. கையால் செதுக்கி, கையால் அச்சிட்டு, 1/50 (ஐம்பது பிரதிகளில் முதலாவது) என்று எண் போட்ட லினோகட் அசல் படைப்பாகவே கருதப்படும். ஓவியத்தை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் எடுத்தது நகல். சில சந்தைகள் நகலை முழுக்கத் தடுக்கின்றன, சில அளவோடு அனுமதித்து நகல் என்று எழுதி வைக்கச் சொல்கின்றன.

சுற்றுப் பாதை

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வரைபடத்தையும் நாட்காட்டியையும் ஒன்றாக விரித்து வையுங்கள். சந்தை தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் நகர்ந்தாலும் வாரம் பெரும்பாலும் மாறாது. கொலம்பஸிலிருந்து நாங்கள் வரைந்த சுற்று இது. ஜூனில் கொலம்பஸ் கலை விழா, அது உள்ளூர். ஜூன் மூன்றாம் வாரம் மில்வாக்கியில் ஏரிக்கரைச் சந்தை. ஜூன் கடைசி வாரம் அயோவாவின் டெமாயின். ஜூலை 4 விடுமுறை வாரத்தில் ஓய்வு. அடுத்த வாரம் விஸ்கான்சின் தலைநகர் மேடிசன், அங்கே சட்டசபைக் கட்டடத்தைச் சுற்றியுள்ள சதுக்கம் முழுக்கச் சந்தைதான். அதற்கடுத்த வாரம் வியாழன் முதல் சனி வரை ஆன் ஆர்பர். பிறகு வீடு.

கொலம்பஸ்–மில்வாக்கி 450 மைல், மில்வாக்கி–டெமாயின் 375, டெமாயின்–மேடிசன் 290, மேடிசன்–ஆன் ஆர்பர் 390, அங்கிருந்து வீட்டுக்கு 190. மொத்தம் ஏறத்தாழ 1,700 மைல். பின்னால் சரக்கு டிரெய்லர் இழுக்கும் எங்கள் ஆர்.வி. கேலனுக்கு 8 மைல் தருகிறது. 212 கேலன் வேண்டும். கேலன் 3.25 டாலர் என்று வைத்தால் 690 டாலர்.

இதற்குள் ஓர் ஆசை வரும். ஜூலை 4 வாரம் சும்மா இருக்கிறதே, டென்வரில் அதே வாரத்தில் செர்ரி கிரீக் சந்தை இருக்கிறதே, நாட்டின் பெயர்பெற்ற சந்தைகளில் ஒன்றாயிற்றே என்று தோன்றும். டெமாயினிலிருந்து டென்வர் 670 மைல், டென்வரிலிருந்து மேடிசன் 950 மைல். 290 மைல் போக வேண்டிய இடத்தில் 1,620. கூடுதல் பெட்ரோல் மட்டும் 540 டாலர். அதைவிடப் பெரிய விலை, போக இரண்டு நாள், வர இரண்டு நாள், இடையில் பிரேம் போட நேரமில்லை, மேடிசனில் களைத்துப்போய் நிற்பீர்கள். அனுபவமுள்ளவர்கள் அதற்கேற்ற கையிருப்போடு போகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, இரண்டு சந்தைகளுக்கு நடுவே 450 மைலுக்கு மேல் இருந்தால் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

இந்தப் பெரிய சந்தைகள் எல்லாவற்றிலும் ஒரே ஆண்டில் இடம் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு வார இறுதிக்கும் ஒரு பெரிய சந்தைக்கும், அதே பாதையில் உள்ள ஒரு சிற்றூர்ச் சந்தைக்கும் விண்ணப்பியுங்கள். மேடிசன் நடக்கும் காலத்திலேயே மிச்சிகன் ஏரியின் மறு கரையில் செயின்ட் ஜோசப் ஊரில் கிராசல் சந்தை நடக்கும். மேடிசன் இல்லாவிட்டால் அது, அங்கிருந்து ஆன் ஆர்பர் இன்னும் பக்கம்.

இப்போது செலவைக் கூட்டுங்கள். பன்னிரண்டு விண்ணப்பத்துக்கு 480, ஐந்து ஸ்டாலுக்குச் சராசரி 500 வீதம் 2,500, பெட்ரோல் 690, வெளியே தங்கும் 32 இரவுக்குச் சராசரி 28 வீதம் 900. மொத்தம் 4,570. ஒவ்வொரு சந்தையிலும் 900 டாலருக்கு மேல் விற்ற பிறகுதான் காகிதம், பிரேம், வண்டியின் தேய்மானம், உங்கள் உழைப்பு இவற்றுக்கு ஒரு ரூபாயாவது வரத் தொடங்கும். உங்கள் விலைப்பட்டியல் 15 டாலர் அட்டைகளாக இருந்தால் அறுபது பேர் வாங்கினால்தான் செலவே அடையும். இந்தக் கணக்கை வண்டி வாங்குவதற்கு முன்பே போட வேண்டும்.

மேடிசனுக்கும் ஆன் ஆர்பருக்கும் நடுவில் சிகாகோ நெரிசல் இருக்கிறது. திங்கள் காலையில் டிரெய்லரோடு அதற்குள் நுழையாதீர்கள். செவ்வாய் காலை பத்து மணிக்கு மேல் கடந்தால் பரவாயில்லை. ஒரு முறை நாங்கள் சிகாகோவைத் தவிர்த்து, விஸ்கான்சினின் மானிடவாக்கிலிருந்து மிச்சிகனின் லடிங்டனுக்கு பேட்ஜர் கப்பலில் வண்டியை ஏற்றிக் கொண்டுபோனோம். 1953 முதல் ஓடும் நிலக்கரி நீராவிக் கப்பல் அது. கடக்க நான்கு மணி நேரம். வண்டியின் நீளத்துக்கு ஏற்றபடி கட்டணம் வாங்குவதால் பெட்ரோலைவிட அதிகம் ஆனது. ஆனால் அந்த நான்கு மணி நேரமும் என் கணவர் மேல்தளத்தில் நாற்காலியில் நன்றாகத் தூங்கினார். நான் ஏரியை வரைந்தேன். அந்த நீர்வண்ணம் ஆன் ஆர்பரில் முதல் நாளே விற்றது.

எந்த வண்டி

காரில் ஆறு சந்தையாவது செய்து முடிக்கும் முன் ஆர்.வி. வாங்காதீர்கள். இந்த வாழ்க்கை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். வாடகைக்கு எடுத்துப் பார்க்க நினைத்தால், மைலுக்கு இவ்வளவு என்ற கட்டணத்தையும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாமா என்ற விதியையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

ஒரு விஷயத்தைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஸ்டால் போடும் தெருவுக்குள் 28 அடி மோட்டார்ஹோமை (தானே ஓடும் வகை ஆர்.வி.) பல சந்தைகளில் விட மாட்டார்கள். விட்டாலும் திரும்ப இடமிருக்காது. ஆகவே வீடு வேறு, சரக்கு வேறு என்று பிரிந்திருப்பது நல்லது. வழிகள் மூன்று. பிக்கப் டிரக் அல்லது பெரிய வேன் ஒன்றில் சரக்கை வைத்து, பின்னால் டிராவல் டிரெய்லர் வீட்டை இழுப்பது முதல் வழி. வீட்டைக் கேம்ப்கிரவுண்டில் (ஆர்.வி. நிறுத்தித் தங்கும் திடல்) கழற்றிவிட்டு வேனோடு மட்டும் சந்தைக்குப் போகலாம். இதையே நான் பரிந்துரைப்பேன். மோட்டார்ஹோமுக்குப் பின்னால் சரக்கு டிரெய்லர் இழுப்பது இரண்டாவது, நாங்கள் செய்வது. பழைய வண்டி நல்ல விலைக்கு வந்ததால் இப்படி அமைந்தது. ஒவ்வொரு சந்தையிலும் தள்ளுவண்டியில் சரக்கை இரண்டு தெரு தள்ளிக்கொண்டு போகிறோம். நகை, சிறு ஓவியம் விற்பவர்களுக்கு மூன்றாவது வழி போதும். உயரமான வேன் ஒன்று, முன்னால் கட்டில், பின்னால் சரக்கு.

எடையைப் பற்றி இரண்டு வார்த்தை அல்ல, இருபது வார்த்தை சொல்ல வேண்டும். வண்டிக்குள் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில், இதற்கு மேல் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். பெரிய வண்டிகளிலும் அது வியக்கும்படி குறைவாக இருக்கும். குடிநீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டு அதிலேயே போய்விடும். எங்கள் கூடாரம், பலகைகள், எடைக்கட்டைகள், படங்கள் எல்லாம் 900 பவுண்டு. இதை மோட்டார்ஹோமுக்குள் ஏற்றியிருந்தால் வரம்பைத் தாண்டியிருப்போம். நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் (CAT) எடைமேடை இருக்கும். சரக்கெல்லாம் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, ஆள் உட்கார்ந்து ஒரு முறை எடை போட்டு, அச்சு வாரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஆர்.வி. அதிக நாள் நின்றே இருப்பதால், பள்ளங்கள் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் கெட்டுப்போயிருக்கும். ஆறு, ஏழு ஆண்டுக்கு மேலான டயரோடு கோடை நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். டிரெய்லர் டயர் ஒன்று இந்தியானாவில் வெடித்தபோது பக்கச் சுவரில் இருந்த எட்டுப் படங்களின் மூலைகள் நசுங்கின. அந்த டயருக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து தேதி பார்ப்பதை முதல் வேலையாக வைத்திருக்கிறேன்.

வண்டியின் உயரத்தை அளந்து ஸ்டீயரிங் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், மேலே உள்ள ஏசியையும் சேர்த்து. கிழக்கே போனால் நியூயார்க் பார்க்வே சாலைகளில் பாலங்கள் தாழ்வு. பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் புரொப்பேன் சிலிண்டரோடு போகக் கட்டுப்பாடு உண்டு. காருக்கான வழிகாட்டிச் செயலி இதையெல்லாம் சொல்லாது.

படங்களைக் கட்டுவது

வெயிலில் நிற்கும் மூடிய டிரெய்லர் அடுப்பு மாதிரி. அக்ரிலிக் ஓவியம் சூட்டில் பிசுபிசுக்கும். அதன் மேல் நேராகப் பபுள் ராப் சுற்றினால் குமிழ்களின் தடம் அப்படியே பதிந்துவிடும். இடையில் கிளாசின் என்ற வழவழப்பான தாள் வைக்க வேண்டும். தேன்மெழுகு கலந்த என்காஸ்டிக் ஓவியம் செய்பவர்கள் அதை ஏசி உள்ள வீட்டுப் பகுதியில்தான் எடுத்துப் போக வேண்டும். நீர்வண்ணத்தைப் பிளாஸ்டிக்கில் இறுகக் கட்டினால் பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் உள்ளே ஈரம் கோக்கும், காகிதம் நெளியும். பழைய போர்வையில் உறை தைத்து அதில் போடுகிறோம். அது மூச்சு விடும்.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போடுங்கள். எடை பாதி, உடையாது. பேஸ்டல் செய்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது, அதன் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். படங்களைப் படுக்க வைக்காதீர்கள். தட்டு கழுவிய பின் வைக்கும் தாங்கியைப் போல மரச்சட்டத்தில் இடைவெளி அடித்து, செங்குத்தாக, முகத்துக்கு முகம் நிறுத்துங்கள். முதுகுப் பக்கத்துக் கொக்கி பக்கத்துப் படத்தின் முகத்தைக் கீறாமல் இருக்க இதுவே வழி.

இரவுத் தங்கல்

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சந்தை முடிவு மார்ச்சில்தான் வரும். ஆனால் விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் 11 மாதம் முன்பும், மிச்சிகனில் 6 மாதம் முன்பும் முன்பதிவு திறந்துவிடும். முடிவு வரும் வரை காத்திருந்தால் ஜூலை வார இறுதியில் ஓர் இடமும் மிஞ்சாது. விண்ணப்பம் போட்ட அன்றே தங்குமிடத்தையும் பதிந்துவிடுங்கள். சந்தை கிடைக்காவிட்டால் சிறு கட்டணத்தோடு ரத்து செய்யலாம். ஜூலை 4 வாரத்தை முதலில் பதியுங்கள். நாடே அன்று கூடாரத்தோடு கிளம்புகிறது.

டெமாயின் பக்கத்தில் சேலர்வில் ஏரியில் ராணுவப் பொறியாளர் படை நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள் நன்றாகவும் மலிவாகவும் இருக்கின்றன. மில்வாக்கிக்குப் பக்கத்தில் மாநிலக் கண்காட்சித் திடலிலேயே ஆர்.வி. நிறுத்தும் இடம் உண்டு. ஆன் ஆர்பருக்குச் சுற்றிலும் மாநிலப் பொழுதுபோக்குப் பகுதிகள். வழியில் ஓரிரவு மட்டும் என்றால் சில வால்மார்ட் கடைகள் வாகன நிறுத்தத்தில் விடுகின்றன. ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது என்பதால் கடை மேலாளரிடம் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் உறுப்பினரானால் பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் ஓரிரவு தங்கலாம். அங்கே ஏதாவது வாங்குவது மரியாதை.

சந்தை நடக்கும் நாட்களில் மட்டும் மின் இணைப்புள்ள இடத்துக்குப் பணம் கொடுங்கள். 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்தவருக்கு ஏசி வேண்டும். 30 ஆம்ப் இணைப்பில் ஏசியையும் மைக்ரோவேவையும் சேர்த்து ஓட்டினால் பிரேக்கர் விழும், ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைப் போடுங்கள். ஜெனரேட்டரை மூடிய இடத்திலோ ஜன்னலுக்கு அடியிலோ ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பேட்டரியைக் கிளம்பும் முன் மாற்றுங்கள்.

இன்னொன்று: ஒஹாயோவும் மிச்சிகனும் கிழக்கு நேரம், விஸ்கான்சினும் அயோவாவும் ஒரு மணி நேரம் பின்னால். திரும்பி ஆன் ஆர்பர் வரும்போது அந்த ஒரு மணி நேரம் பறிபோகும். ஸ்டால் போட நேரம் குறித்துக் கொடுத்திருப்பார்கள், தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

கூடாரமும் காற்றும்

பேரேரிப் பகுதியில் கோடைப் புயல் மாலை நாலு மணிக்கு மேல் பத்து நிமிட எச்சரிக்கையில் வரும். பக்கச் சுவர் கட்டிய கூடாரம் காற்றுக்குப் பாய்மரம். கால் ஒன்றுக்கு 40 பவுண்டு என்பது பொதுவாகச் சந்தைகள் கேட்கும் குறைந்த அளவு. நாங்கள் பி.வி.சி. குழாயில் கான்கிரீட் ஊற்றி 45 பவுண்டில் செய்து, கூரைச் சட்டத்திலிருந்து இறுக்கிக் கட்டுகிறோம். தரையில் சும்மா வைத்த எடை வேலை செய்யாது. தெருவில் முளை அடிக்க அனுமதி இல்லை. தண்ணீர்ப் பைகளை நம்ப வேண்டாம், கசியும்.

கடையில் கிடைக்கும் மடக்குக் கூடாரம் தொடக்கத்துக்குச் சரி. ஆண்டுக்கு ஐந்து சந்தைக்கு மேல் என்றால் வட்டக் கூரையுள்ள லைட் டோம் அல்லது டிரிம்லைன் வகை வாங்குங்கள். மழைநீர் கூரையில் குளமாகத் தேங்காது, தேங்கும் தண்ணீர்தான் பல கூடாரங்களை மடக்கிப் போடுகிறது. இரவில் கிளம்பும்போது கீழ் வரிசைப் படங்களை எடுத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை நான்கு அங்குலம் உயர்த்தி வையுங்கள். ஸ்டால் இருப்பது தெருவின் ஓரத்தில், தெருநீர் ஓடுவதும் அங்கேதான். விலை கூடிய அசல்கள் எங்களோடு வண்டிக்கு வந்துவிடும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் படத்தைக் காப்பாற்ற நிற்காதீர்கள். ஜிப்பை மூடிவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவை அடித்த டெரேச்சோ காற்று பெருமரங்களையே சாய்த்தது. அலுமினியக் கம்பியைக் கையால் பிடித்து நிறுத்தலாம் என்று நினைக்கும் காற்று அல்ல அது.

விற்பது

மூன்று விலைத் தளங்கள் வையுங்கள். நான் 35 டாலருக்கு அட்டையில் வைத்த சிறு அச்சு, 150 முதல் 250 வரை நடுத்தர லினோகட், 600-க்கு மேல் பெரிய நீர்வண்ணம் என்று வைக்கிறேன். சிறியது ஸ்டால் வாடகையை எடுத்துத் தரும், நடுவில் இருப்பது லாபம், பெரியது ஆளை உள்ளே இழுக்கும். பெரியதை உள்சுவரின் நடுவில், தெருவில் நடந்து போகிறவர் கண்ணில் படும்படி ஒன்றே ஒன்றாக மாட்டுங்கள். விலையை எழுதி ஒட்டுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுகிறவர்கள் மிகப் பலர்.

நாற்காலி உயரமாக இருக்கட்டும், நின்றிருப்பவரின் கண் மட்டத்தில் உங்கள் கண் இருக்க வேண்டும். நான் ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் வைத்திருக்கிறேன். குழந்தை வந்தால் ஐந்து புள்ளி வைத்து, கோடு எப்படிப் புள்ளியைச் சுற்றிப் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது என்று போட்டுக் காட்டுவேன். குழந்தை தானும் போட்டுப் பார்க்கும் ஐந்து நிமிடத்தில் பெற்றோர் சுவரைப் பார்ப்பார்கள். இதை விற்பனைக்காகத் தொடங்கவில்லை. என் அம்மா எனக்குக் கற்றுத்தந்த கோலம் மேடிசனில் ஒரு பிள்ளையின் கைக்குப் போவது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. உங்கள் வேலையில் அப்படி எது இருக்கிறதோ, அதை ஸ்டாலில் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள்.

விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விஸ்கான்சினுக்குள்ளேயே மில்வாக்கியில் 7.9 சதவீதம், மேடிசனில் 5.5. டெமாயினில் 7, ஆன் ஆர்பரில் 6. ஒவ்வொரு மாநிலத்திலும் தற்காலிக விற்பனையாளராகப் பதிந்து, சந்தை முடிந்த பின் வரியைக் கட்ட வேண்டும். படிவத்தைச் சந்தை நடத்துபவர்களே அனுப்புவார்கள். அட்டை வாசிக்கும் செயலியில் ஊர்வாரியாக வரியை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். கூட்டத்தில் செல்போன் சிக்னல் அறுந்துபோகும், ஆகவே இணையம் இல்லாமல் அட்டை ஏற்கும் வசதியை ஒரு நாள் வீட்டில் சோதித்துப் பாருங்கள். பல சந்தைகள் பத்து லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு கேட்கும். ஆர்.வி.யின் சொந்தப் பயன்பாட்டுக் காப்பீடு வியாபாரச் சரக்கை ஏற்காது, அதையும் தனியாகக் கேளுங்கள்.

பிரித்த பிறகும், நடுவில் உள்ள நாட்களும்

ஞாயிறு ஐந்து மணிக்கு மணி அடித்ததும் எல்லாரும் வண்டியைக் கொண்டுவர ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். முதலில் முழுக்கப் பிரித்துக் கட்டி முடியுங்கள். அதற்குள் தெரு காலியாகிவிடும். கடைசி அரை மணி நேரத்தில் திரும்பி வந்து வாங்குகிறவர்களும் உண்டு.

அன்று இரவு வண்டி ஓட்டக் கூடாது. ஆர்.வி.யோடு போன முதல் ஆண்டு மேடிசனில் எல்லாம் கட்டி முடிக்க ஒன்பது மணி ஆனது. சிகாகோவை இரவிலேயே தாண்டிவிடலாம் என்றேன். என் கணவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "இன்னைக்கு வேணாம்மா. கை நடுங்குது. சோறு வெச்சுத் தூங்கலாம்" என்றார். தயிர்சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டுப் படுத்தோம். ஆர்.வி. எதற்கு என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

திங்கள் துணி துவைக்க, கழிவுத் தொட்டி காலி செய்ய. முதலில் கழிவறைக் கருந்தொட்டி, பிறகு குளியல் நீர்த் தொட்டி என்ற வரிசையை மாற்றாதீர்கள். பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். செவ்வாய், புதன் வேலை நாட்கள். எது விற்றதோ அதை அச்சிட்டு, பிரேம் போட்டு அடுத்த சந்தைக்குத் தயார் செய்கிறோம். லினோவைக் கரண்டியின் முதுகால் தேய்த்து அச்சிடுவதால் எனக்கு இயந்திரம் தேவையில்லை, ஆர்.வி.யின் சாப்பாட்டு மேசை போதும். எண்ணெய் மை காய ஒரு வாரம் எடுக்கும், ஆகவே பாதையில் அச்சிட விரைவில் காயும் நீர் மை. டெமாயினில் சிறு அச்சுகள் தீர்ந்தால் மேடிசனுக்கு முன் இருபது போட்டுவிட முடிகிறது. வீட்டுக்கு ஓடித் திரும்பியிருந்தால் அந்த இரண்டு நாளும் சாலையிலேயே போயிருக்கும்.

ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: என்ன விற்றது, எந்த விலையில், எந்த நேரத்தில், ஸ்டால் எண் என்ன, பக்கத்தில் இசை மேடை இருந்ததா, வண்டியை எங்கே நிறுத்தினோம். மைல் கணக்கையும் ரசீதுகளையும் தனிக் கவரில் வையுங்கள். ஆர்.வி. வீடாகவும் இருப்பதால் வருமான வரியில் எவ்வளவு செலவு காட்டலாம் என்பதில் விதி சிக்கலானது, சுயதொழில் வரி தெரிந்த கணக்காளரிடம் காட்டிவிடுங்கள்.

அக்டோபரில், முதல் உறைபனிக்கு முன், தண்ணீர்த் தொட்டியையும் வாட்டர் ஹீட்டரையும் வடித்து, குழாய்களில் ஆர்.வி.க்கான இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீரைச் செலுத்த வேண்டும். ஒவ்வொரு குழாயையும் திறந்து இளஞ்சிவப்பு வரும் வரை விடுங்கள், வெளிப்புற ஷவரையும் மறக்காமல். அது முடிந்த வாரம், அந்தப் பக்கங்களை மேசையில் பரப்பி, அடுத்த கோடைக்கான வரைபடத்தை விரிக்கிறோம்.